கார் கண்ணாடியின் உள்பக்க மங்கல்: எதைக் கொண்டு துடைப்பது?

தை அமாவாசைக்கு மதுரையிலிருந்து ராமேஸ்வரம் கிளம்பினோம். முன் சீட்டில் அம்மா, பின்னால் மனைவியும் மகளும். காலை 5.30 மணிக்கு இருட்டோடு புறப்பட்டு, மானாமதுரை தாண்டிப் பரமக்குடியை நெருங்கும்போது பொழுது விடிந்தது. அந்தச் சாலை பெரும்பாலும் தென்கிழக்காகப் போகிறது. தை மாதத்தில் சூரியனும் நேர் கிழக்கில் எழாமல் கொஞ்சம் தெற்கே தள்ளித்தான் எழும். அடிவானத்துக்கு மேலே சூரியன் ஒரு சாண் ஏறியதும் முன் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது, பாலைத் தடவிவிட்டது போல. சாலையே தெரியவில்லை. பிரேக்கை மிதித்து வேகம் குறைந்த பிறகுதான், கொஞ்ச தூரத்தில் ஒரு கீதாரி தன் ஆட்டுக் கூட்டத்தைச் சாலையின் குறுக்கே ஓட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

வண்டி நின்றது. ஆடுகள் கடந்தன. அம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடம் இன்னும் மோசமானது. வளைந்து வளைந்து கோடுகள் விழுந்து, ஒவ்வொரு கோடும் வெயிலில் மின்னியது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஒரு தூசு இல்லை, முந்தின நாள்தான் வாட்டர் வாஷ் விட்டிருந்தேன். அழுக்கு முழுக்க உள்ளே இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷமாக இதற்கென்று சொல்லப்படும் ஏறத்தாழ எல்லா வழிகளையும் இரண்டு கார்களில் செய்து பார்த்துவிட்டேன். ஒன்று எங்கள் 7 வருஷப் பழைய கார். இன்னொன்று என் மைத்துனர் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத புது வண்டி. இரண்டிலும் மங்கல் இருந்தது, ஆனால் இரண்டும் ஒரே மங்கல் இல்லை. எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் கண்ணாடியில் இருப்பது என்ன அழுக்கு என்று பார்த்துவிட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் பாட்டில் பாட்டிலாக வாங்கி ஏமாறுகிறார்கள்.

யாரும் தொடாத கண்ணாடியில் எங்கிருந்து வருகிறது?

டாஷ்போர்டு, கதவின் உள்பட்டை, சீட் உறை போன்ற வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் பாகங்களில், அவை விறைத்து வெடிக்காமல் இருப்பதற்காக எண்ணெய் போன்ற பொருட்களைச் சேர்த்திருப்பார்கள். பிளாஸ்டிசைசர் என்று பெயர். வண்டி வெயிலில் நிற்கும்போது இது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். கூரைத் துணியை ஒட்டிய பசையும், சீட்டுக்குள் இருக்கும் ஃபோமும் தம் பங்குக்கு ஆவியை விடும். பிறகு கண்ணாடி குளிரும்போது அந்த ஆவி அதன் மேல் மெல்லிய படலமாகப் படியும். நாம் ஆசையாக முகர்கிற புது கார் வாசனையும் இந்த ஆவிகளிலிருந்துதான் வருகிறது.

கார் கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரிந்த பிரச்சினை. ஃபாகிங் என்பார்கள். இதை அளக்க ஜெர்மனியில் டிஐஎன் 75201 என்று ஒரு தரச் சோதனையே இருக்கிறது. பிளாஸ்டிக் துண்டை 100 டிகிரியில் 3 மணி நேரம் சூடாக்கி, அதற்கு மேலே 21 டிகிரியில் குளிர்வித்த கண்ணாடியை வைத்து, அந்தக் கண்ணாடியின் பளபளப்பு எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். நம் ஊர் வெயிலில் நிற்கிற ஒவ்வொரு காரிலும் இந்தச் சோதனை கொஞ்சம் மெதுவாகத் தினமும் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில், டெம்பி நகரத்தில் செய்து 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கடும் கோடைப் பகலில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் வரை சூடானது. நிழலில் நின்ற கார்களில் 48 டிகிரி. டாஷ்போர்டில் சூடு ஏற ஏறக் கண்ணாடிக்கு வந்து சேரும் பிசுக்கும் கூடும்.

பழைய காரில் கதை வேறு. பிளாஸ்டிக்கிலிருந்து வர வேண்டியது பெரும்பாலும் வந்து முடிந்திருக்கும். அங்கே சேர்வதெல்லாம் நாம் கொண்டுவருவது: பிள்ளையார் முன் கொளுத்தும் ஊதுபத்திப் புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, சிகரெட், நெற்றியை முட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் குழந்தையின் தலை எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலாக டாஷ்போர்டு பாலிஷ். அந்த வாட்டர் வாஷ் கடைக்கு அடுத்த முறை போனபோது நின்று கவனித்தேன். வேலை செய்த பையன் டாஷ்போர்டில் பாலிஷை அடித்து ஒரு மஞ்சள் துணியால் தேய்த்தான். அதே துணியை மடித்து, அதே கையோடு முன் கண்ணாடியின் உள்பக்கத்தையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் பரமக்குடியில் என் கண்ணை மறைத்தது அதுதான். சிலிகோன் கலந்த அந்தப் பாலிஷ் கண்ணாடியில் ஏறிவிட்டால் மற்ற எல்லா அழுக்கையும்விட விடாப்பிடியாக நிற்கும்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு வெள்ளை டிஷ்யூவை ஸ்பிரிட்டில் (கீழே சொல்லும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில்) லேசாக நனைத்து, முன் கண்ணாடியின் அடிப்பகுதியில், ஏசி காற்று மேலே வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். மஞ்சளோ பழுப்போ ஒட்டினால் புகை. வெளிர் சாம்பலாக, விரலில் வழுவழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக் பிசுக்கும் தூசியும். இழுத்த பிறகும் வானவில் நிறத்தில் மினுமினுப்பு தங்கினால் பாலிஷைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றுமே எண்ணெய்த் தன்மை கொண்டவை என்பதைக் கவனியுங்கள். கீழே சொல்லும் ஒப்பீடு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

வீட்டில் இருப்பவை

வெறும் தண்ணீரும் பழைய பனியன் துணியும்: வேண்டாம். தண்ணீரில் எண்ணெய் கரையாது, இடம்தான் மாறும். நம் ஊர் போர்வெல் தண்ணீர் என்றால் காய்ந்த பிறகு உப்புப் புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும்.

செய்தித்தாளைப் பற்றிப் பலருக்கும் பெரிய நம்பிக்கை உண்டு. எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியை அப்பா பேப்பர் கசக்கித்தான் துடைப்பார், பளிச்சென்று இருக்கும். காரணம் இருக்கிறது. பேப்பரில் துணியைப் போலப் பிசிறு உதிராது, ஈரத்தையும் நன்றாக இழுக்கும். காரில் செய்து பார்த்தேன். நடுப்பகுதி நன்றாக வந்தது. ஆனால் முன் கண்ணாடி டாஷ்போர்டோடு சேரும் அந்தக் குறுகிய மூலைக்குள் ஈரப் பேப்பர் போகவில்லை, கிழிந்து உள்ளேயே தங்கியது. கையில் இருந்த மை வெளிர் நிறக் கூரைத் துணியில் பட்டுக் கறையானது. அந்தக் கறை இன்றும் இருக்கிறது. கடைசிச் சுற்றில் உலர்ந்த பேப்பரால் ஒரு முறை தேய்க்கலாம், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

வினிகர் பற்றி இணையத்தில் எங்கே பார்த்தாலும் பரிந்துரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. வினிகர் அமிலம். உப்புத் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைப் புள்ளிகளைக் கரைப்பதில் அதை மிஞ்ச வீட்டில் வேறு பொருள் கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கு அதன் வேலை இல்லை. ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து மைத்துனரின் புது வண்டியில் இரண்டு சுற்று துடைத்தோம். பகலில் சுத்தமாகத் தெரிந்தது. இரவில் எதிரே ஒரு லாரி ஹை பீம் போட்டதும் பழைய மங்கல் அப்படியே வந்து நின்றது. வண்டிக்குள் இரண்டு நாள் ஊறுகாய் வாசனை வேறு. வெளிப்பக்க உப்புக் கறைக்கு வினிகரை வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் லிக்விட் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. எண்ணெயை உடைப்பதற்கென்றே செய்த பொருள் அல்லவா. அரை வாளி தண்ணீருக்கு நாலைந்து சொட்டு போதும். சிக்கல் துடைப்பதில் இல்லை, துடைத்ததை எடுப்பதில் இருக்கிறது. சோப்பு கொஞ்சம் தங்கினாலும் அதுவே ஒரு புதுப் படலமாகிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை, அப்புறம் உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்தே ஆக வேண்டும். வேலை அதிகம், செலவு கிட்டத்தட்ட இல்லை. ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட கண்ணாடிக்கு முதல் சுற்றாக இதைச் செய்யலாம்.

வீட்டு ஜன்னலுக்கு வாங்கும் நீல நிற ஸ்பிரே சாதாரணக் கைரேகைக்குப் போதும். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: லேபிளில் அமோனியா இருக்கிறதா என்று. கண்ணாடியில் சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அமோனியா அதன் சாயத்தையும் பசையையும் கெடுத்துவிடும். ஃபிலிம் ஊதா நிறமாகும், குமிழ் விடும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை சொன்ன பிறகு பல வண்டிகளில் அதை உரித்துவிட்டார்கள். இப்போது வருகிற பச்சை நிறக் கண்ணாடியில் நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. உங்களுடையது எது என்று தெரியவில்லையா? பக்கக் கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி மேல் ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிம் என்றால் அதன் விளிம்பு கோடாகத் தெரியும். ஃபிலிம் இல்லாவிட்டாலும் மூடிய காருக்குள் அமோனியா நெடி மூக்கையும் கண்ணையும் எரிக்கும் என்பதால் நான் அதை உள்ளே கொண்டுபோவதில்லை.

நான் கடைசியில் வந்து நின்ற இடம்

ஐசோப்ரோபைல் ஆல்கஹால். சுருக்கமாக ஐ.பி.ஏ. மொபைல் ரிப்பேர் கடைகளில் சர்க்யூட் போர்டைத் துடைக்க வைத்திருப்பார்களே, அதுதான். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் தருவார்கள், சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. இதற்கு இரண்டு குணம். பிளாஸ்டிக் பிசுக்கையும் விரல் எண்ணெயையும் கரைக்கும். பிறகு தானே ஆவியாகிவிடும், பின்னால் எதையும் விட்டுப்போகாது. சோப்பு பாதி செய்கிற வேலையை இது முழுதாகச் செய்கிறது.

சுத்தமான ஐ.பி.ஏ. என்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கலாம். கலக்காமல் ஊற்றினால் துடைத்து முடிப்பதற்குள் காய்ந்து, கரைந்த பிசுக்கு அதே இடத்தில் திரும்பப் படிந்துவிடும். தண்ணீர் அதைக் கொஞ்சம் நிதானப்படுத்துகிறது. தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் இல்லை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும்.

இதற்குப் பதிலாக வீட்டில் இருக்கிற சானிடைசரை எடுக்காதீர்கள். அதிலும் ஆல்கஹால்தான், ஆனால் கை வறண்டுபோகாமல் இருக்கக் கிளிசரின் சேர்த்திருப்பார்கள். ஜெல் வகை என்றால் கெட்டியாக்கும் பொருளும் இருக்கும். இரண்டும் கண்ணாடியில் தங்கிவிடும். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கினாலும் லேபிளைப் படியுங்கள். சில வகைகளில் தோலுக்காக ஆமணக்கு எண்ணெய் சேர்ப்பதுண்டு. எண்ணெயை எடுக்கப் போய் எண்ணெய் பூசியதாகிவிடும்.

ஐ.பி.ஏ.வுக்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. அதன் ஆவி சுலபமாகத் தீப்பிடிக்கும், 12 டிகிரி வெப்பத்திலேயே பற்றக்கூடியது. ஆகவே நான்கு கதவையும் திறந்து, நிழலில், இஞ்சினை அணைத்து வேலை செய்யுங்கள். பக்கத்தில் ஊதுபத்தியோ சிகரெட்டோ கூடாது. பாட்டிலை ஒருபோதும் காருக்குள் விட்டுப்போகாதீர்கள். டச் ஸ்கிரீன் மேல் பட்டால் அதன் பூச்சு கெடலாம், மீட்டர் மூடியில் இருக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் மெல்லிய வெடிப்பு விடலாம். கண்ணாடி மேல் நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடைத்தால் இந்தப் பயம் பெரும்பாலும் தீர்ந்தது. ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமராவோ மழை சென்சாரோ இருந்தால் அந்த இடத்தைச் சுற்றி விட்டுவிடுங்கள்.

கார் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும் கண்ணாடி கிளீனர்கள் பலவற்றிலும் அடிப்படை இதே ஆல்கஹால்தான், கூடவே கொஞ்சம் சோப்புத் தன்மையுள்ள பொருள், வாசனை. கலக்கும் வேலை மிச்சம், அளவு சரியாக இருக்கும். அமோனியா இல்லை என்று எழுதியிருந்தால் ஃபிலிம் உள்ள வண்டிக்கும் பயப்படாமல் எடுக்கலாம். காசு கூட என்பதைத் தவிரக் குறை இல்லை. வருஷத்துக்கு நாலைந்து முறை துடைப்பவருக்கு ஒரு பாட்டில் போதும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்து ஸ்பிரிட் பாட்டிலை வைத்திருக்கத் தயக்கம் என்றால் தயங்காமல் இதை வாங்குங்கள்.

பல வருஷம் சிகரெட் பிடித்த வண்டி அல்லது செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி என்றால் திரவம் மட்டும் போதாமல் போகலாம். அங்கே மெலமைன் ஸ்பான்ஞ்சு என்ற வெள்ளை ஸ்பான்ஞ்சை நனைத்து மெதுவாகத் தேய்த்தால் பழுப்புப் படலம் கழன்று வரும். அது மிக நுண்ணிய உப்புத்தாள் போன்றது. வெறும் கண்ணாடியில் மட்டும்தான், ஃபிலிம் மேலோ பின் கண்ணாடியின் சூடேற்றும் கோடுகள் மேலோ வைக்கவே கூடாது. இதைச் செய்யத் தைரியம் இல்லாவிட்டால் காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து தரும் டீடெய்லிங் கடைக்கு விடலாம். மற்றபடி சாதாரண மங்கலுக்காக மட்டும் அங்கே போய்ப் பணம் கொடுக்க அவசியமே இல்லை. போனாலும் டாஷ்போர்டுக்குப் பாலிஷ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

துணிதான் பாதி வேலை

ஒரே ஐ.பி.ஏ. கலவையைப் பனியன் துணியில் ஊற்றி ஒரு பக்கக் கண்ணாடியையும், மைக்ரோஃபைபர் துணியில் ஊற்றி இன்னொன்றையும் துடைத்தோம். அன்று இரவு மைத்துனர் டார்ச்சைச் சாய்வாக அடித்துக் காட்டினார். பனியன் துணி பட்ட கண்ணாடியில் சாமரம் வீசியது போலக் கோடுகள், மற்றதில் ஒன்றுமில்லை. மைக்ரோஃபைபரின் இழைகள் பிசுக்கைத் தள்ளிக்கொண்டு போகாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதுவும் டவல் மாதிரி மொசமொசவென்று இருக்கும் துணியைவிடக் கண்ணாடிக்கென்று விற்கும் தட்டையான நெசவுத் துணி சிறந்தது.

இரண்டு துணி வேண்டும். ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்த்த. துணியை இரண்டு முறை மடித்தால் முன்னும் பின்னுமாக எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தை ஒரு கண்ணாடிக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். புது வண்டியில் முதல் துடைப்பின் முதல் முகத்தைப் பார்த்தாலே நான் சொல்வது புரியும், சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று இருக்கும். அதே முகத்தால் மறுபடி துடைத்தால் அந்தக் கொழகொழப்பு கண்ணாடிக்கே திரும்பிவிடும்.

முன் கண்ணாடியை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து துடைக்க ஸ்டீயரிங் விடாது. பக்கத்து சீட்டில் உட்காருங்கள். அடி மூலைக்கு உள்ளங்கையைத் திருப்பி, புறங்கை டாஷ்போர்டில் உரச, விரல் நுனியால் துணியைத் தள்ளினால் எட்டும். எட்டாதவர்களுக்கு முக்கோணத் தலை வைத்த நீளக் கைப்பிடித் துடைப்பான் கடைகளில் இருக்கிறது. ஈரத்துணியை எப்படி வேண்டுமானாலும் ஓட்டுங்கள், உலர் துணியை மட்டும் உள்ளே மேலும் கீழுமாகவும், வெளியே இடவலமாகவும் இழுங்கள். கோடு தெரிந்தால் அது எந்தப் பக்கத்துக் கோடு என்று உடனே தெரிந்துவிடும். பின் கண்ணாடியில் மட்டும் சூடேற்றும் கோடுகளின் போக்கிலேயே துடைக்க வேண்டும். சூடான கண்ணாடியில் எந்தத் திரவமும் திட்டுத்திட்டாகக் காயும், ஆகவே காலையில் வெயில் ஏறுவதற்கு முன் செய்வது நல்லது.

துணியைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் போன்ற வாசனை மென்மையாக்கிகளில் முக்காதீர்கள். அது இழை மேல் படிந்து, அடுத்த முறை கண்ணாடியில் இறங்கும்.

எந்த வண்டிக்கு எது

வாங்கி ஒரு வருஷம் ஆகாத வண்டி என்றால் ஐ.பி.ஏ. கலவைதான், மாதம் ஒருமுறை. முதல் சில மாதங்களுக்குப் படலம் திரும்பத் திரும்ப வரும், சரியாகத் துடைக்கவில்லையோ என்று நினைக்க வேண்டாம். ஃபிலிம் ஒட்டிய வண்டிக்கு அமோனியா இல்லாத கார் கிளீனர். பாலிஷ் ஏறிய பழைய வண்டிக்கு முதலில் பாத்திர லிக்விட், நன்றாக அலசித் துடைத்த பிறகு ஐ.பி.ஏ. இரண்டு சுற்று. எங்கள் வண்டி இப்படித்தான் தெளிந்தது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. வீட்டில் வயதானவர் யாராவது இரவில் வண்டி ஓட்டுகிறார் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கண் லென்ஸில் புரை தொடங்கியவருக்கு எதிர் வண்டி வெளிச்சம் ஏற்கெனவே சிதறித்தான் தெரியும், கண்ணாடியும் சேர்ந்து சிதறடித்தால் சாலையில் நிற்கும் ஆள் தெரிய மாட்டார்.

திரும்ப வருவதைக் குறைக்க நிழல், அது இல்லாத இடத்தில் முன் கண்ணாடிக்குச் சன் ஷேடு. வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது இரண்டு நிமிஷம் ஜன்னல்களை இறக்கி ஓட்டினால் உள்ளே தேங்கிய ஆவி வெளியேறும். ஏசியை எப்போதும் உள்காற்றுச் சுழற்சியிலேயே வைக்காமல் அவ்வப்போது வெளிக்காற்றையும் விடுங்கள். டாஷ்போர்டுக்கு ஈரத்துணி போதும். ஊதுபத்தியை நாங்கள் இப்போது வண்டிக்கு வெளியே பானெட் முன்னால் காட்டிவிட்டு அணைத்துவிடுகிறோம், அம்மாவுக்கும் அதில் வருத்தம் இல்லை.

இவ்வளவும் செய்தும் நாலைந்து நாளில் பிசுக்கு திரும்புகிறது, அதுவும் முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் மட்டும், ஏசி துவாரத்தில் இனிப்பு கலந்த ஒரு வாசனையும் வருகிறது என்றால் அது துடைக்கிற விஷயம் இல்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடான காற்றைத் தரும் சின்ன ரேடியேட்டர், கசிந்து, கூலண்ட் என்ற இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது. கூடவே கால்மிதியின் கீழே ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கூலண்ட் டேங்கில் அளவு குறைகிறதா என்று இரண்டு மூன்று நாள் காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்துக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது.